குழாயைத் திறக்கும் முன்

திருவாரூர்ப் பக்கத்து நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார். அவருடைய தம்பி கெமிக்கல் டிப்ளமோ முடித்துவிட்டு, கடலோரத்தில் காஸ்டிக் சோடாவும் குளோரினும் தயாரிக்கும் ஓர் ஆலையில் டிரெய்னி ஆப்பரேட்டராகச் சேர்ந்து பத்து நாள் ஆகிறதாம். "அம்மா தினமும் புலம்புகிறார்கள். போபால், விசாகப்பட்டினம் என்று டிவியில் பார்த்ததையெல்லாம் சொல்கிறார்கள். இந்த மாதிரி ஆலைகளில் ஆபத்தை உண்மையில் எப்படிச் சமாளிக்கிறார்கள்? தம்பி எதைக் கவனிக்க வேண்டும்?" என்பது கேள்வி.

இதே மாதிரி ஆலைகளில் 31 வருடம் இருந்தவன் நான். முதலில் ஷிப்ட், பிறகு சேஃப்டி. இப்போது ஓய்வுபெற்று ஊரில் நாற்று விடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

அம்மாவின் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பெரும்பாலானவர்களின் பயம் வேறு இடத்தில் போய் நிற்கிறது. இரவும் பகலும் இரைச்சலோடு ஓடுகிற ஆலையைப் பார்த்துத்தான் பயப்படுகிறார்கள். ஒழுங்காக ஓடுகிற பிளான்ட், ஓடுகிற வரைக்கும், பெரும்பாலும் சாதுவான மாடு. நிறுத்தும்போது, நிறுத்திப் போட்டிருக்கும்போது, மறுபடி கிளப்பும்போது, ஒரு குழாயைக் கழற்றும்போது, ஒரு ஷிப்ட் போய் இன்னொரு ஷிப்ட் வரும்போது, "தற்காலிகமாக" எதையாவது மாட்டிவைக்கும்போது: இந்த நேரங்களில்தான் அது முட்டுகிறது.

பெரிய விபத்துகளை வரிசையாக எடுத்துப் பாருங்கள். 1984 டிசம்பர் 2-ம் தேதி இரவு போபால் பூச்சிமருந்து ஆலையில் விபத்து நடந்த யூனிட் உற்பத்தியே செய்யவில்லை. அக்டோபரிலேயே நிறுத்தியாயிற்று. நிலத்தடித் தொட்டியில் 40 டன்னுக்கும் மேல் மெத்தில் ஐசோசயனேட் என்ற விஷத் திரவம் சும்மா கிடந்தது. அதைக் குளிர்விக்கும் இயந்திரத்தை மாதக்கணக்கில் அணைத்து வைத்திருந்தார்கள். வெளியேறும் வாயுவை எரிக்க வேண்டிய ஃபிளேரின் குழாயில் ஒரு துண்டைக் கழற்றிப் போட்டிருந்தார்கள். தண்ணீர் உள்ளே போனபோது தடுக்க வேண்டியவை எதுவும் தயாராக இல்லை. விசாகப்பட்டினமும் அப்படித்தான். 2020 மே 7, ஊரடங்கு தளர்ந்து ஆலையை மறுபடி இயக்கத் தயாராகிக்கொண்டிருந்த நேரம். வாரக்கணக்கில் தொட்டியிலேயே தேங்கிக் கிடந்த, பிளாஸ்டிக் செய்யப் பயன்படும் ஸ்டைரீன் என்ற திரவம் தானாகச் சூடேறி வினைபுரிந்தது. தெர்மாமீட்டர் தொட்டியின் அடிப்பகுதியில்தான் இருந்தது. சூடு மேலே ஏறியது. 12 பேர் இறந்தார்கள். அமெரிக்காவில் டெக்சாஸ் சிட்டி ரிஃபைனரி வெடித்தது 2005 மார்ச் 23; 15 பேர் செத்த அந்த விபத்து நடந்தது ஒரு யூனிட்டை மறுபடி கிளப்பும்போது. நம் எண்ணூரில் 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் கடலடிக் குழாயில் அம்மோனியா கசிந்ததும், கப்பலிலிருந்து இறக்குவதற்கு முன்னால் குழாயைக் குளிர்வித்துத் தயார்செய்த வேளையில்.

அதனால் தம்பியிடம் "அங்கே என்ன கெமிக்கல்?" என்று மட்டும் கேட்காதீர்கள். "எதையாவது திறப்பதற்கு முன்னால், உள்ளே ஒன்றும் இல்லை என்று எப்படித் தெரிந்துகொள்கிறார்கள்?" என்று கேளுங்கள். அந்த ஆலையின் தரம் அந்தப் பதிலில் தெரிந்துவிடும்.

நான் வேலைக்குச் சேர்ந்து மூன்றாம் வருடம் நடந்ததைச் சொல்கிறேன். காஸ்டிக் லைனில் ஒரு பம்பைக் கழற்ற வேண்டும். முந்தின ஷிப்ட், குழாயில் மிச்சமிருப்பதை வடிக்கும் டிரெயின் வால்வைத் திறந்துவிட்டு, "லைன் காலி" என்று லாக் புக்கில் எழுதிவிட்டுப் போயிருந்தது. நான் போய்ப் பார்த்தேன். டிரெயின் திறந்துதான் இருந்தது, ஒரு சொட்டு வரவில்லை. வேலைக்கு அனுமதி தரும் பெர்மிட்டில் கையெழுத்துப் போட்டேன். ஃபிட்டர் வேதாரண்யம் பக்கத்துக்காரர், ஐம்பது வயதிருக்கும், கான்ட்ராக்ட் ஆள். ஸ்பானரைக் கையில் எடுத்தவர் வேலையைத் தொடங்கவில்லை. "சார், சொட்டு நின்னுச்சா, இல்ல முதல்லேருந்தே வரலியா?" என்றார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. நான் வந்தபோது வரவில்லை, அவ்வளவுதான். "கம்பி விட்டுப் பார்த்தீங்களா?" என்று அடுத்த கேள்வி. முழு சூட், முகக் கவசம் போட்டுக்கொண்டு ஓர் ஆள் டிரெயினுக்குள் கம்பியை விட்டுக் குத்தினார். அடைத்திருந்த உப்புக் கசடு நகர்ந்ததும் லை, அதாவது காஸ்டிக் கரைசல், பீறிட்டது. ஐந்தாறு நிமிடம் ஓடியது. அந்த ஃபிட்டர் கேட்காமல், போல்ட் போட்ட குழாய் இணைப்பான பிளாஞ்ச்சைத் திறந்திருந்தால் அவருடைய முகத்துக்கு நேராக வந்திருக்கும். அப்புறமும் அவர் திறந்த விதத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பக்கவாட்டில் நின்று, தனக்கு எதிர்ப்புறத்துப் போல்ட்டை முதலில் அரைச் சுற்றுத் தளர்த்தினார். மிச்சம் ஏதாவது இருந்தால் அந்தப் பக்கம் பீய்ச்சட்டும் என்று. போல்ட்டை முழுதாகக் கழற்றவில்லை. பிளாஞ்ச் லேசாக வாய் திறக்கும்வரை காத்திருந்து, பார்த்து, பிறகுதான் மற்றவை. இந்த வித்தையை எனக்கு எந்த வகுப்பிலும் யாரும் சொல்லித் தரவில்லை.

டிரெயினில் ஒன்றும் வரவில்லை என்பதற்கு இரண்டு அர்த்தம் உண்டு. காலி, அல்லது அடைப்பு. தம்பி முதல் வாரத்தில் இதைக் கற்றுக்கொண்டால் போதும், மற்றதெல்லாம் பின்னாலேயே வரும்.

காஸ்டிக்கைப் பற்றி ஒரு வார்த்தை. ஆசிட்தான் பயங்கரம், காஸ்டிக் சோப்புக்குப் போடுகிற சாமான்தானே என்ற எண்ணம் புதிய பையன்களுக்கு இருக்கும். கண்ணைப் பொறுத்தவரை காஸ்டிக்தான் மோசம். ஆசிட் மேற்பரப்பைச் சுட்டு அங்கேயே ஒரு தடுப்பை உண்டாக்கிக்கொள்கிறது. காரம் திசுவைக் கரைத்துக்கொண்டு உள்ளே போய்க்கொண்டே இருக்கும். பட்டவுடன் ஐ-வாஷ் குழாயில் குறைந்தது 15 நிமிடம் இமையைப் பிரித்துப் பிடித்துக் கழுவ வேண்டும், ஆஸ்பத்திரிக்கு ஓடுவது அதன் பிறகு. ஐ-வாஷ் எங்கே இருக்கிறது என்பதை தம்பி கண்ணை மூடிக்கொண்டு நடந்து பழகட்டும். சொல்லுக்கு அல்ல, நிஜமாகவே கண்ணை மூடிக்கொண்டு. பட்ட பிறகு பார்த்துப் போக முடியாதல்லவா.

சரி, பெர்மிட், லாக் விஷயத்துக்கு வருவோம். நம் ஊர்க்காரருக்கு இது புரிய மதகைச் சொன்னால் போதும். வாய்க்காலில் ஆட்கள் இறங்கித் தூர் வாருகிறார்கள். மேலே தலைமதகின் ஷட்டர் மூடியிருக்கிறது. சாவி மதகைப் பார்த்துக்கொள்ளும் லஸ்கரிடம். யாரோ வந்து "எங்கள் வயல் காய்கிறது" என்று சண்டைபோட்டு அவர் திறந்துவிட்டால்? கீழே இறங்கியவன் கையில் சாவி இருந்தால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. ஆலையில் லாக்-அவுட் என்பது இவ்வளவுதான். ஒரு மோட்டாரில் ஆறு பேர் வேலை செய்தால் சுவிட்சில் ஆறு பூட்டு தொங்க வேண்டும். ஒவ்வொரு சாவியும் அவரவர் சட்டைப் பையில். "நான் சொல்லிவிட்டேன், யாரும் போட மாட்டார்கள்" என்பது பூட்டு ஆகாது. குழாய்க்கும் அதே கதைதான். வால்வை மூடினால் மட்டும் போதாது, வால்வு எல்லாம் ஒருநாள் கசியும். நடுவில் இரும்புத் தகடு, பிளைண்ட் என்பார்கள், செருக வேண்டும்.

தொட்டிக்குள் இறங்குவது இதைவிடக் கொடுமையான விஷயம். கிணற்றில் இறங்குவதற்கு முன் நம் தாத்தாக்கள் அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்ப்பார்கள், அணைந்தால் இறங்க மாட்டார்கள். அந்தப் புத்தி நூற்றுக்கு நூறு சரி. ஆனால் ஆலைத் தொட்டியில் விளக்கை இறக்கினால் தொட்டியே வெடிக்கலாம், அதனால் அங்கே மீட்டர். ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் இறங்கக் கூடாது. எரியும் வாயு, விஷ வாயு தனித்தனியாகப் பார்க்க வேண்டும், மேலே, நடுவே, அடியில் என்று மூன்று இடத்திலும். கழிவுத் தொட்டிகளில் வரும் ஹைட்ரஜன் சல்ஃபைடு அழுகின முட்டை நாற்றம் அடிக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது என்பது பலருக்குத் தெரியாது. "இப்ப நாத்தம் போயிடுச்சு, இறங்கலாம்" என்று சொல்லி இறங்கியவர்கள் உண்டு.

இன்னொன்று. உள்ளே ஒருவன் விழுந்தால், பார்த்துக்கொண்டிருப்பவன் பதறிக் குதிப்பான். அவனைத் தூக்க இன்னொருவன். நம் ஊர் செப்டிக் டேங்க் சாவுகளில் இரண்டு பேர், மூன்று பேர் என்று செய்தி வருவது இதனால்தான். மேலே நிற்கிறவனின் வேலை கயிற்றை இழுப்பது, ஆள் கூப்பிடுவது. குதிப்பது அல்ல. இதை மனசுக்குச் சொல்லிப் பழக்க வேண்டும், ஏனென்றால் அந்த நொடியில் மனசு கேட்காது.

"தற்காலிகம்" என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு இன்றும் வயிற்றைக் கலக்கும். 1974-ல் இங்கிலாந்தில் ஃபிளிக்ஸ்பரோ என்ற இடத்தில் ஆறு ரியாக்டர்கள் வரிசையாக இருந்தன. ஐந்தாவதில் விரிசல். அதை எடுத்துவிட்டு, நான்கிலிருந்து ஆறுக்கு 20 அங்குலக் குழாய் ஒன்றைத் தற்காலிகமாக மாட்டினார்கள். முறையான வரைபடம் இல்லை, கணக்குப் போடவில்லை. கணக்குப் போட்டிருக்க வேண்டிய எஞ்சினியர் பதவி அப்போது காலியாக இருந்தது. ஜூன் 1 அன்று அது பிய்த்துக்கொண்டு போனது. 28 பேர். சனிக்கிழமையாக இருந்ததால் ஆபீஸ் கட்டடங்களில் ஆளில்லை, இல்லாவிட்டால் எண்ணிக்கை எங்கோ போயிருக்கும். நம் ஆலைகளில் இதன் குட்டித் தம்பிகள் தினமும் நடக்கின்றன: டிரிப் ஆகி அடிக்கடி நின்றுவிடுகிறது என்று, ஆபத்து வந்தால் தானாக நிறுத்துகிற இன்டர்லாக்கை பைபாஸ் செய்வது, ஒரு கேஸ்கட் கிடைக்கவில்லை என்று வேறு பொருளில் வெட்டிப் போடுவது, ஹோஸை மாற்றி மாட்டுவது. நல்ல ஆலையில் பைபாஸுக்கு ஒரு நோட்டு இருக்கும். யார் போட்டது, எதற்கு, என்றைக்கு எடுக்க வேண்டும் என்று. ஷிப்ட் மாறும்போது அந்த நோட்டை முதலில் திறப்பார்கள்.

ஷிப்ட் மாற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். 1988 ஜூலை 6, வட கடலில் பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடை. ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வைப் பகல் ஷிப்டில் கழற்றி, அந்த இடத்தை ஒரு தகட்டால் மூடிவைத்திருந்தார்கள். இரவு ஷிப்டுக்கு அது தெரியாது. இன்னொரு பம்ப் நின்றதும் இதைக் கிளப்பினார்கள். 167 உயிர். ஒரு பேப்பர் போய்ச் சேராததற்கு அந்த விலை. வீட்டுக்குப் போகிற அவசரத்தில் "எல்லாம் நார்மல்" என்று எழுதிவிட்டு பஸ் பிடிக்க ஓடுகிற பழக்கம் தம்பிக்கு வர வேண்டாம். கடைசி பஸ் போனால் போகட்டும்.

கேட்டில் ஒரு போர்டு வைத்திருப்பார்கள், "விபத்தில்லா நாட்கள் 612" என்று. மார்ச் 4 பாதுகாப்பு தினத்தன்று அதற்கு மாலை போட்டு இனிப்பும் கொடுப்பார்கள். எனக்கு அந்த போர்டில் நம்பிக்கை இல்லை. எண் கூடக் கூட, விரலில் வெட்டுப்பட்டவன் கையைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு வெளியே போய்த் தையல் போட்டுக்கொள்வான், போர்டைக் கெடுக்க வேண்டாமென்று. விரல் வெட்டு குறைந்ததால் தொட்டி வெடிக்காது என்றும் இல்லை; டெக்சாஸ் சிட்டியிலும் காயக் கணக்கு நன்றாகத்தான் இருந்தது. அங்கே இறந்த 15 பேரும் கான்ட்ராக்ட் ஆட்கள், யூனிட்டுக்குப் பக்கத்திலேயே போட்டிருந்த டிரெய்லர் ஆபீஸ்களிலும் அவற்றைச் சுற்றியும் இருந்தவர்கள். இங்கும் பெரும்பாலும் அடிபடுகிறவர்கள் கான்ட்ராக்ட் ஆட்கள்தான். முந்தாநாள் வந்த ஹெல்பருக்கு சைரன் அடித்தால் எந்தப் பக்கம் ஓடுவதென்று தெரிகிறதா என்று கேட்டுப் பாருங்கள், போர்டைவிட அது நிஜத்தைச் சொல்லும்.

இனி நம் டெல்டாவுக்கே உரிய சங்கதி, இதை வெளியூர்க் கன்சல்டன்ட்கள் எழுதித் தரும் பைல்களில் அதிகம் பார்க்க முடியாது.

குளோரின் காற்றைவிட இரண்டரை மடங்கு கனம். தரையோடு தவழும், பள்ளத்தைத் தேடிப் போகும். நம் நிலம் தட்டை, பள்ளமென்றால் வாய்க்கால்தான். வாய்க்கால் கரையில்தான் குடியிருப்பும் இருக்கிறது. பத்து லட்சம் பங்கு காற்றில் பத்துப் பங்கு இருந்தாலே உயிராபத்து வரம்பு. ஒரே ஆறுதல், அதற்கும் எவ்வளவோ குறைவாக இருக்கும்போதே மூக்கு கண்டுபிடித்துவிடும். ஆடியில் கச்சான் அடிக்கும்போது கசிந்தால் கடல் பக்கம் போகும். ஐப்பசி, கார்த்திகையில் வாடையும் கொண்டலும் அடித்தால் ஊர்ப்பக்கம் வரும். பகலில் கடற்காற்று ஒரு திசை, இரவில் நிலக்காற்று வேறு திசை. மோசமானது மார்கழி விடியல். காற்றே இருக்காது, பனி தரையில் படுத்திருக்கும், வாயுவும் அதோடு படுத்துக்கொள்ளும். டேங்கர் லோடிங் மாதிரி வேலைகளை அந்த நேரத்தில் தள்ளிவைக்கச் சொல்லி நான் சண்டை போட்டிருக்கிறேன். சில நாள் ஜெயித்தேன்.

ஊரில் இருப்பவர்களுக்கும் இது பொருந்தும். நெடி வந்தால் காற்றுக்குக் குறுக்கே நடக்க வேண்டும், காற்று போகிற திசையில் ஓடினால் வாயுவும் கூடவே வரும். வெளியேற வழியில்லாவிட்டால் மாடிக்குப் போய் ஜன்னலை அடைத்து, சந்துகளில் ஈரத்துணியைத் திணித்துக்கொள்ளுங்கள். பைக்கை எடுத்துக்கொண்டு வேடிக்கை பார்க்கப் போகாதீர்கள். குளோரின் கசிகிற சிலிண்டர்மேல் தண்ணீர் ஊற்றுவது நம் ஆட்களின் முதல் கைவேலை. ஈரம் பட்ட குளோரின் இரும்பைத் தின்று ஓட்டையைப் பெரிதாக்கும்.

புயல் இன்னொரு தலைவலி. 2018 நவம்பர் 16 கஜாவை மறக்க முடியுமா? வாரக்கணக்கில் கரன்ட் இல்லை. குளோரின் ஆலையில் கரன்ட் போனால் உற்பத்தி அந்த நொடியே நிற்கும். ஆனால் குழாய்க்குள் இருக்கும் வாயுவை இழுத்துக் காஸ்டிக்கில் கரைக்கும் ஸ்க்ரப்பர் ஓடியே ஆக வேண்டும். ஜெனரேட்டர் உண்டா என்று எல்லோரும் கேட்பார்கள். அது எவ்வளவு உயரத்தில் நிற்கிறது, டீசல் எத்தனை நாளைக்கு இருக்கிறது, ரோட்டில் மரம் விழுந்து கிடந்தால் அடுத்த ஷிப்ட் ஆள் எப்படி வருவான் என்பதைக் கேட்கிற ஆள் குறைவு. உப்புக் காற்றும் சும்மா இருக்காது. இன்சுலேஷன் சுற்றிய குழாய் வெளியே பளபளவென்று இருக்கும்; உள்ளே ஈரம் புகுந்து, விரலால் குத்தினால் ஓட்டை விழுகிற அளவுக்கு இரும்பு பொரிந்திருப்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

தண்ணீரைப் பற்றியும் கேளுங்கள். 1986 நவம்பர் 1 அன்று சுவிட்சர்லாந்தில் பேசல் பக்கத்தில் ஒரு ரசாயனக் கிடங்கு எரிந்தது. தீயை அணைக்க அடித்த தண்ணீர் பூச்சிமருந்தோடு ரைன் ஆற்றில் இறங்கி, விலாங்கு மீன்கள் கூட்டமாகச் செத்தன. நம் பக்கம் ஒரு வாய்க்கால் கெட்டால் அதன் கீழே எத்தனை ஊர் வயல், எத்தனை குளம். மழைநீர் வடிகாலை அடைக்க ஒரு ஷட்டர், தீத்தண்ணீரைத் தேக்க ஒரு குழி, இரண்டும் இருக்கிறதா என்று தம்பி ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வரட்டும்.

ஒரு விஷயம் உடைத்துச் சொல்கிறேன். பெரிய ஆலையைவிட, மீன்பிடித் துறைமுகங்களை ஒட்டி இருக்கும் ஐஸ் கம்பெனிகள் எனக்கு அதிக பயம். அங்கே ஓடுவது அம்மோனியா. சிஸ்டத்தின் அடியில் தேங்கும் ஆயிலை வாரம் ஒருமுறை வடிப்பார்கள். ஆயில் மெதுவாக வரும், ஆள் பீடி பற்றவைக்கத் திரும்புவான். ஆயில் முடிந்ததும் அம்மோனியா ஒரே அடியாகக் கிளம்பும், வால்வுப் பக்கமே போக முடியாது. கையை எடுத்தால் தானாக மூடிக்கொள்ளும் ஸ்பிரிங் வால்வு ஒன்று போட்டால் தீர்ந்தது. அதிகம் செலவாகாது. எத்தனை இடத்தில் இருக்கிறது என்று போய்ப் பாருங்கள்.

சட்டம் பற்றிச் சுருக்கமாக. போபாலுக்குப் பிறகு 1987-ல் தொழிற்சாலைகள் சட்டத்தில் அபாயகரமான ஆலைகளுக்கென்றே ஓர் அத்தியாயம் சேர்த்தார்கள். என்ன ஆபத்து என்பதைத் தொழிலாளிக்கும் சுற்றுப்புற மக்களுக்கும் சொல்ல வேண்டிய கடமை அப்போது வந்தது. உடனடி ஆபத்து இருப்பதாக நினைத்தால் அதை மேலிடத்துக்குச் சொல்லும் உரிமையும் தொழிலாளிக்கு வந்தது. 1989 விதிகளின்படி ஆலைக்குள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாக் டிரில், ஆலைக்கு வெளியே ஊரையும் சேர்த்து வருடத்துக்கு ஒருமுறை. உங்கள் தம்பி வேலை செய்கிற ஆலையைச் சுற்றியுள்ள ஊர்க்காரர்களிடம் கேளுங்கள், கடைசியாக எப்போது ஒத்திகை நடந்தது, யார் வந்து சொன்னார்கள் என்று. டீ பிஸ்கட்டோடு போட்டோ எடுத்தது கணக்கில் வராது.

தம்பி செய்ய வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. முதல் மாதம் தன் ஏரியாவின் ஒவ்வொரு லைனையும் கையோடு தொட்டு நடந்து, தானே ஒரு படம் வரையட்டும். கன்ட்ரோல் ரூமுக்குள் நுழைவதற்கு முன் காற்றின் திசை காட்டும் விண்ட் சாக்கைப் பார்க்கிற பழக்கம் வரட்டும். எஸ்கேப் மாஸ்க் இடுப்பில் இருக்கட்டும், லாக்கரில் அல்ல. புரியாத பெர்மிட்டில் "சும்மா போடுப்பா" என்றால் கையெழுத்துப் போட வேண்டாம். முதல் தடவை திட்டுவார்கள், இரண்டாம் தடவை கேட்டுவிட்டுத்தான் நீட்டுவார்கள்.

கடைசியாக ஒன்று, அம்மாவிடமும் சொல்லிவையுங்கள். கார்த்திகையில் சபரிமலைக்கு மாலை போடுகிற வீடு உங்களுடையது என்றால், தம்பி தாடி வளர்ப்பான். தாடி இருந்தால் மாஸ்க் முகத்தில் ஒட்டாது, இடுக்கு வழியாகக் குளோரின் உள்ளே போகும். சாமியைக் கும்பிட வேண்டாம் என்று யாரும் சொல்லப் போவதில்லை. மாலை போடுவதற்கு இரண்டு வாரம் முன்பே ஷிப்ட் இன்சார்ஜிடம் சொல்லிவிட்டால், அந்த 48 நாளைக்கு மாஸ்க் தேவைப்படாத இடத்தில் டியூட்டி போட்டுத் தருவார்கள். எங்கள் ஷிப்டில் வருடா வருடம் நான்கைந்து சாமிகளுக்கு அப்படித்தான் உப்புக் கிடங்கில் டியூட்டி போட்டேன்.